ட்ரைக்ளோ முகம்

எபினேசர் குடிக்க மாட்டான். இதை நற்சான்றாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொல்கிறேன். நாகப்பனும் நானும் மூன்று வருடம் முயன்று தோற்ற காரியம் அது. சம்பள நாளில் கூட்டிக்கொண்டு போனால் மிக்சர் முழுவதையும் தின்று தீர்ப்பான். எங்களுக்காக ஜெபம் செய்வதாகவும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். அப்படிப்பட்டவனுடைய கல்யாணம், குடிகாரன் என்ற பெயரால் நிற்கப் பார்த்தது. யாராவது வந்து சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அன்று நான் அவனுக்கு எதிர் இலையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எங்கள் ஷெட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டில், ஒரு கிளைச் சந்துக்குள் இருக்கிறது. கார் கம்பெனிகளுக்குப் போகும் சின்னச் சின்னத் தகடுகளை அங்கே அடிப்பார்கள். பிரஸ்ஸிலிருந்து வரும்போது தகடு முழுக்க எண்ணெயாக இருக்கும். முலாம் பூச அனுப்புவதற்கு முன் அந்த எண்ணெயை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு தொட்டி. மார்பு உயரம். அடியில் ட்ரைக்ளோ என்ற திரவம், அதற்குக் கீழே ஹீட்டர். எண்பத்தேழு டிகிரியில் கொதிக்கும். ஆவி எழும்பும், ஆனால் வெளியே ஓடிவிடாது. காற்றைவிட நாலரை மடங்கு கனம் என்பதால் தொட்டிக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மாதிரி நிற்கும். விளிம்பைச் சுற்றி ஓடும் குளிர்ந்த தண்ணீர்க் குழாய் அதைக் கீழேயே அமுக்கி வைக்கும். கூடையை இறக்கினால் சில்லென்ற தகட்டில் ஆவி படிந்து சொட்டும், சொட்டும்போது எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். ஐந்து நிமிடத்தில் தகடு காய்ந்து, பளபளவென்று வெளியே வரும். நெருப்புக் குச்சியைக் கிழித்துப் போட்டாலும் லேசில் பற்றாது. தீப்பிடிக்காத எதையும் எங்கள் ஷெட்டில் சாது என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

அந்தத் தொட்டியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பகலில் எபினேசரும் நாகப்பனும், ராத்திரியில் நான். ராத்திரி ஷிஃப்ட்டை விட்டு ஓடிவந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். என் பெயர் பகலவன். கட்சிக்கார அப்பா வைத்த பெயர். ராத்திரி ஷிஃப்ட்டில் இந்தப் பெயரை வைத்து எத்தனை பேர் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

எபினேசருக்குப் பெண் பக்கத்து ஊர் ஷெர்லின். ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறாள். ஹெல்மெட் போடாதவனைப் பிடித்து எழுதுகிற வேலை. அவளுடைய அம்மா ஜெபமணி, கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் பொறுப்பு. கணவர் குடித்தே ஈரல் கெட்டுச் செத்து பதினோரு வருடம். மாப்பிள்ளைக்கு அந்த அம்மா போட்டது ஒரே நிபந்தனை: ஒரு சொட்டு கூடாது.

அவர்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் தொடர்ந்து மூன்று ஞாயிறு அறிக்கை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று. முதல் அறிக்கை அன்று நாகப்பனையும் என்னையும் எபினேசர் கூப்பிட்டிருந்தான். ஆராதனைக்குப் பிறகு ஜெபமணி வீட்டில் பிரியாணி என்றான். வந்துவிட்டோம்.

அறிக்கை வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு நற்கருணை. போதகர் மைக்கேல்ராஜ் திருநெல்வேலிக்காரர். அறுபது பேருக்கு என்று கிண்ணத்தில் ஒயினை ஊற்றிவிட்டார். ஆனால் அந்த ஞாயிறு இரண்டு கம்பெனிகளில் ஓ.டி. போட்டிருந்தார்கள். வந்தது இருபத்தைந்து பேர். ஜெபித்துப் பரிசுத்தப்படுத்திய ஒயினை மீதம் வைக்கவும் கூடாது, கீழே கொட்டவும் கூடாதாம். குடித்துத்தான் தீர்க்க வேண்டும். போதகருக்குச் சர்க்கரை. பக்கத்தில் உதவிக்கு நின்றது எபினேசர்.

“முடிச்சிருங்க தம்பி,” என்று கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார்.

முடித்தான். ஒன்றரை டம்ளர் இருக்கும். சொர்ணம்மாள் என்ற அம்மா வருடா வருடம் கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் ஜாடியில் போட்டு ஊறவைத்து எடுக்கும் ஒயின். அந்த அம்மாவுக்குத் தாராள மனசு, ஒயினும் அப்படியே.

ஜெபமணி வீட்டில் இலை போட்டு அரை மணி ஆகியிருக்கும். எனக்கு எதிரே எபினேசரின் மூக்குக்கு இரண்டு பக்கமும் சிவப்பு ஏறியது. பிறகு கன்னம், நெற்றி, கழுத்து. பரவலாகச் சிவக்கவில்லை. திட்டுத் திட்டாக, ஓரம் வெட்டி ஒட்டினது மாதிரி. அவனுக்கு அது தெரியவில்லை. கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பந்தியே அவன் முகத்தைப் பார்த்தது. அப்போது நாகப்பன் வாயைத் திறந்தான். மனதில் கெட்ட எண்ணம் இல்லாதவன், அதுதான் அவனிடம் உள்ள ஆபத்து.

“டேய் எபி, உனுக்கும் வந்துச்சாடா? எங்க போட்ட, இன்னா சரக்கு?”

பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற ஜெபமணி கரண்டியைக் கீழே வைத்தார்.

“அத்தை, நான் குடிச்சது சர்ச்ல குடுத்தது மட்டும்தான்,” என்றான் எபினேசர், முகத்தைத் தடவிக்கொண்டு.

“அந்தக் கிண்ணத்துல நானும்தான் வாய் வெச்சேன். என் மூஞ்சி எப்படி கீது பாரு,” என்றார் ஜெபமணி.

“தகுதி இல்லாம குடிச்சா அப்டிதான் காட்டும்,” என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள், யாரிடமும் சொல்லாத மாதிரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஜெபமணி கத்தவில்லை. அதுதான் மோசம். விரலை மடக்கி எண்ணினார். “ஷிஃப்ட் முடிஞ்சி இந்தப் பக்கம் வந்தா கால் ஒரு நெலையில நிக்காது. களைப்புனு நெனச்சேன். சட்டையில எப்பவும் ஒரு இனிப்பு வாசனை. பாக்கு போடுறான், வாசனைய மறைக்கிறான்னு அப்பவே மனசுல பட்டுச்சு, தள்ளி வெச்சேன். இப்ப மூஞ்சி. பதினாறு வருசம் ஒரு குடிகாரனோட வாழ்ந்தவ நான், எனுக்கா தெரியாது? அடுத்த ஞாயித்துக்கெழம பாஸ்டர் ஆட்சேபம் இருக்கானு கேப்பாரு. நான் எழுந்து நிப்பேன்.”

பிரியாணி நன்றாக இருந்தது. அந்த நிலையில் இரண்டாம் தடவை கேட்க முடியவில்லை.

மறுநாள் காலை சிங்கப்பெருமாள் கோவிலில் ஆட்டோ நிரம்பக் காத்திருந்தேன். ஷெர்லின் வந்து முன் சீட்டில், என் பக்கத்தில் ஏறினாள். முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் விசாரணைக் குரல்.

“அண்ணா, நேத்து நாகப்பன் அண்ணா ‘உனக்கும் வந்துச்சா’னு கேட்டாரு. உனக்கும்னா? வேற யாருக்கு வந்துச்சு?”

“அவனுக்கு. எனக்கு.”

“எப்ப?”

“தொட்டியில இருந்தப்ப. குடிச்சா அரை மணியில வரும். ஒரு மணியில போயிடும். நாங்க ட்ரைக்ளோ மூஞ்சினு சொல்லுவோம்.”

“ட்ரைக்ளோ மூஞ்சினு பேரே வெச்சிட்டீங்க. அப்ப ட்ரைக்ளோனாலதான் வருதுனு தெரியும்?”

“இல்லம்மா. தொட்டிக்காரனுங்களுக்கு மட்டும் வந்ததால அந்தப் பேரு. சரக்குதான் சரியில்லைனு நெனச்சோம். மூணு மாசம் பிராண்டு மாத்திப் பாத்தோம். பிராந்தி, ரம்மு, பீரு. எதுவும் கேக்கல. நாகப்பன் கடைசியில சைட் டிஷ்ஷ மாத்துனான். முட்டைய நிறுத்திட்டு சுண்டல்.”

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின் சீட்டில் இருந்த ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். முந்தைய நாளிலிருந்து அழுததெல்லாம் அந்தச் சிரிப்பில் கண்ணீராகவே வந்தது. பிறகு போனை எடுத்தாள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தாள் என்று ஒன்று உண்டு, பதினாறு பகுதி. எங்கள் ஷெட்டிலும் ஒன்று இருந்தது, ஆங்கிலத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு. அதன் மேல்தான் நகைக்கடை காலண்டர் மாட்டியிருந்தோம்.

ஒரகடம் மேம்பாலம் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். “இதோ இருக்கு. இதை நாள் முழுக்க மோந்துட்டிருக்கறவன் மது குடிச்சா மூஞ்சி, கழுத்து, முதுகெல்லாம் சிவப்புத் திட்டு வரும். தலை சுத்தும், நடை தள்ளாடும். வாசனை இனிப்பா இருக்கும். அண்ணா, எங்கம்மா எண்ணின மூணு சாட்சியும் இதுல கீது.”

“அப்ப அம்மாகிட்ட காட்டிடு.”

“எங்கம்மா போன்ல வர்ற எதையும் நம்பாது, வெங்காய வைத்தியத்தைத் தவிர. கண்ணால பாக்கணும்.” போனைப் பையில் போட்டாள். “நீங்க தொட்டிய விட்டு ஆறு மாசம் ஆவுது இல்ல? இப்ப குடிச்சா வருதா?”

யோசித்தேன். வருவதில்லை. நான் அதைச் சுண்டலின் வெற்றி என்று நினைத்திருந்தேன்.

“சனிக்கிழமை மத்தியானம் எங்க வூட்டுக்கு வாங்க. நாகப்பன் அண்ணாவையும் கூட்டிக்கினு வாங்க. ரெண்டு பேரும் காலையில இருந்து ஒண்ணும் குடிச்சிருக்கக் கூடாது.”

“நாகப்பன்கிட்ட அத நீயே சொல்லு,” என்றேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜெபமணி வீட்டு வாசலில் வேப்ப மர நிழலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எபினேசர், நாகப்பன், நான். எதிரே ஸ்டூலில் மூன்று எவர்சில்வர் டம்ளர். சொர்ணம்மாள் பழைய ஜூஸ் பாட்டிலில் ஒயின் கொண்டு வந்திருந்தார். இது ஜெபிக்காத ஒயின், பயமில்லாமல் சோதிக்கலாம் என்றார். “ஊருல மாப்ளைக்கு வேலை பாப்பாங்க, வருமானம் பாப்பாங்க. ஒயின் ஊத்திப் பாக்கறது இந்த வூட்லதான்.”

ஜெபமணி தன் கையால்தான் ஊற்றுவேன் என்றார். சாராய வாசனை வந்தாலே தெருவை மாற்றிப் போகிற அம்மா, மூன்று டம்ளரிலும் ஒரே மட்டம் வருகிறதா என்று குனிந்து பார்த்து ஊற்றினார். என் டம்ளரில் ஒரு விரல் கூடிப்போனதால் திரும்ப எடுத்துவிட்டார். அதை நான் மறக்கவில்லை.

ஊற்றுவதற்கு முன்னால் ஈரத் துண்டால் எங்கள் மூன்று பேர் முகத்தையும் துடைத்தார்.

“இன்னாத்துக்கு அத்தை?” என்றான் எபினேசர்.

“சாயம் எதுனா பூசிகினு வந்திருந்தீனா? மூடு வாய.”

குடித்தோம். நாகப்பன் ஒரே இழுப்பில் முடித்துவிட்டு, “திராட்ச ரசம் கணக்கா கீது, இதுல இன்னா வரப்போவுது” என்று ஏமாற்றத்தோடு சொன்னான். ஜெபமணி சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் சும்மா உட்கார முடியாது. ஷெர்லின் பேச்சுக் கொடுத்தாள். முதலில் விளையாட்டாகத்தான்.

“எபி, உங்க தொட்டிக்கு மேல ஃபேன் இருக்குமே, இழுத்து வெளிய விடுறது. ஓடுமா?”

“ஓடுமே. ஆடிட் பண்ண ஆளு வந்தா.”

“மத்த நாள்ல?”

“ஃபேன் போட்டா ட்ரைக்ளோவும் சேந்து பூடுது, டிரம்மு ஒரு வாரம் முன்னாடியே காலியாவுதுனு கோதண்டராமன் சார் நிறுத்திட்டாரு.” கோதண்டராமன் எங்கள் சூப்பர்வைசர்.

“அப்ப அது எங்க போவணும்னு சொல்றாரு, உன் மூக்குலயா?”

“எனக்கு வாசனையே வராது ஷெர்லின். ஆரம்பத்துல வந்துச்சு. இப்ப பழகிடுச்சு.” பெருமையாகச் சொன்னான். “கூடை சிக்கிக்கினா நான்தான் குனிஞ்சு எடுப்பேன். நாகப்பனுக்குத் தலை சுத்தும். எனக்கு ஒரு மாதிரி ஜிவ்வுனு இருக்கும், அவ்ளோதான்.”

“அந்தக் காலத்துல ஆபரேஷனுக்கு இதைத்தான் குடுத்து மயக்கினாங்களாம். ஜிவ்வுனுதான் இருக்கும்.” அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டே போனாள். “தொட்டி அடியில கசடு நிக்குமே?”

“கறுப்பா நிக்கும். மாசத்துக்கு நாலு வாளி.”

“யாரு எடுத்துக்கினு போறாங்க?”

எபினேசர் என்னைப் பார்த்தான். நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். நானும் கொட்டியவன்தான்.

“பின்னால காம்பவுண்டு ஓரமா ஊத்திடுவோம்,” என்றான் நாகப்பன். “ரெண்டு நாள்ல சுத்தமா காஞ்சிடும்மா. அத்தனை நல்ல சாமான்.”

“காஞ்சிச்சா, கண்ணுல படாம போச்சா? மேல இருக்கறது காத்துல போவும். உள்ள இறங்கினது போவாது அண்ணா. எண்ணெயா இருந்தா தண்ணி மேல மிதக்கும். இது தண்ணிய விட ஒண்ணரை மடங்கு கனம். தண்ணிக்கும் கீழ இறங்கும். களிமண் தட்டுற வரைக்கும் போயி அங்க உக்காந்துக்கும். அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வரும். நம்ம புள்ளைங்க காலத்துலயும் வரும்.” நிறுத்தி, “ஷெட்ல குடிக்கத் தண்ணி?” என்றாள்.

“போர் தண்ணிதான்,” என்றான் நாகப்பன். “அந்த ஏரியாவுலயே நம்ம போர்தான் நல்லாருக்கும். முன்னல்லாம் உப்பு கரிக்கும். இப்ப ரெண்டு வருசமா லேசா ஒரு இனிப்பு.”

சொர்ணம்மாள் பாட்டிலுக்கு மூடி போட்டார்.

நாகப்பன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். “இன்னா? இன்னா சொல்லிட்டேன் இப்ப?”

அந்த நேரத்தில் அவனுக்குத்தான் முதலில் சிவப்பு வந்தது. கழுத்திலிருந்து மேலே ஏறியது. இரண்டு நிமிடத்தில் எபினேசருக்கு. ஜெபமணி கடிகாரத்தைப் பார்த்தார், இருபத்தாறு நிமிடம். எழுந்து வந்து எபினேசரின் கன்னத்தை ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்தார். போகவில்லை. நாகப்பன் கன்னத்தையும் துடைத்தார். பிறகு என் தாடையைப் பிடித்து, ஆட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

“இவனுக்கு ஒண்ணும் இல்ல.”

“அவரு குடிச்ச அளவுக்கு இவங்க ரெண்டு பேரும் வாழ்க்கையில குடிச்சதில்ல,” என்றாள் ஷெர்லின். அது நாகப்பனுக்குச் செய்த அநியாயம். “அவரு தொட்டிய விட்டு ஆறு மாசம் ஆச்சு, அவ்ளோதான் வித்தியாசம்.”

ஜெபமணி கடிகாரத்தை மாட்டிவிட்டு வந்தார். “எம் மாப்ள குடிகாரன் இல்ல,” என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். பாப்பம்மாள் வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. எபினேசர் சிவந்த முகத்தோடு, ஜெயித்தவன் மாதிரி நாலு பஜ்ஜி தின்றான்.

ஷெர்லின் தட்டைத் தொடவில்லை. “எபி, திங்கக்கெழம போயி வேற எடம் கேளு. தொட்டி வேணாம்.”

“கேக்கலாம் ஷெர்லின். கல்யாணம் ஆவட்டும். மார்ச்சுல பர்மனென்ட் பண்றேன்னு சார் சொல்லிக்கீறாரு. தொட்டிக்கு தனி அலவன்சு வேற.”

“எங்கப்பா குடிச்சி செத்தாரு. நீ குடிக்காமலே அதே மாதிரி போவ. ஈரல், சிறுநீரகம், அந்தத் தாள்ல எல்லாம் போட்டுக்கீது. புத்துநோயும் போட்டுக்கீது.”

“போட்டிருப்பான். அவன் வேலை அது. ஹெல்மெட் போடலைனா தலை உடையும்னுகூடதான் நீ தெனம் எழுதுற, எத்தன பேருக்கு ஒடஞ்சுது?”

கேட்கக் கூடாத இடத்தில் கேட்ட கேள்வி. ஜெபமணி இன்னொரு பஜ்ஜியை எடுத்து அவன் தட்டில் வைத்தார். மாப்பிள்ளை குடிகாரன் இல்லை என்பதே அந்த அம்மாவுக்கு அன்று போதுமானதாக இருந்தது.

நாகப்பன் மட்டும் கிளம்பும்போது தனியாக அவளிடம் கேட்டான். “ஏம்மா, நான் குடிய வுட்டுட்டா மூஞ்சி சரியாயிடும்ல?”

“மூஞ்சி சரியாயிடும் அண்ணா.”

“அப்ப சரி,” என்றான். மிச்சத்தை அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு, இரண்டாவது அறிக்கை. நானும் போயிருந்தேன். எனக்குச் சாமி இல்லை, ஆனால் பழக்கம் பிடித்துக்கொண்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எபினேசர் என் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். போன வாரத்துக் கறை போன நிம்மதி.

போதகர் வாசித்தார். “இவர்கள் விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டானால் இப்போது தெரிவிக்கலாம்.” வழக்கம்போல ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அடுத்த தாளைத் திருப்பினார்.

“எனக்கு இருக்கு.”

ஷெர்லின் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்லுதீய? இது ஒங்க கல்யாணமாக்கும்.”

“தெரியும் பாஸ்டர். அதான் சொல்றேன்.”

“பொண்ணே ஆட்சேபம் சொல்லுததுக்கு எடம் இருக்கா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஆராதனைப் புத்தகத்தைப் புரட்டினார். ஜனங்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஓ.டி. இல்லாத ஞாயிறு, கூட்டம் வேறு நிறைய. “யாராவதுன்னுதாம் போட்டிருக்கு,” என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். “என்ன ஆட்சேபம்?”

“அவரு நல்லவரு. குடிக்க மாட்டாரு. அதுல எனக்கு சந்தேகம் இல்ல.” பாப்பம்மாள் இருந்த பக்கம் ஒரு பார்வை. “ஆனா அவரு வேலை செய்யற தொட்டி அவர தின்னுது. அத வுட்டு வெளிய வந்தா நீங்க படிங்க. வரலைனா வேணாம். எங்கம்மா ஒரு தரம் பொதச்சிட்டாங்க. நான் அத தெரிஞ்சே செய்ய மாட்டேன்.”

உட்கார்ந்துவிட்டாள். ஜெபமணி மகளைப் பார்த்தார், எபினேசரைப் பார்த்தார், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அது எந்தப் பக்கத்துக்கான முக்காடு என்று எனக்குத் தெரியவில்லை. மகள் பக்கத்துக்கு என்று சாயந்தரம் தெரிந்தது. எபினேசர் போனை அந்த அம்மாவும் எடுக்கவில்லை.

அவன் இரண்டு நாள் கோபத்தில் இருந்தான். என் ஆட்டோவில் ஏறி ஒரகடம் வரை புலம்பி, இறங்காமல் திரும்பி சிங்கப்பெருமாள் கோவில் வரை புலம்பினான். “ஊரு முன்னாடி நிக்க வெச்சி கேட்டாடா மச்சி. தனியா சொல்லியிருக்கலாம் இல்ல?”

“வூட்ல வெச்சி சொன்னாளே. நீ பஜ்ஜி துன்னுகினு இருந்த.”

அதற்குப் பிறகு புலம்பவில்லை. புதன்கிழமை கோதண்டராமனிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

“மூஞ்சி செவக்குதுனு தொட்டிய வுடுறியா? குடிக்காத, செவக்காது. நீ ஏற்கெனவே குடிக்கிறது இல்ல. அப்ப உனக்கு பிரச்சனையே இல்லையேப்பா,” என்றாராம் அவர். கேட்டால் சரியாகத்தான் இருக்கும், சூப்பர்வைசர் சொல்வதெல்லாம் அப்படித்தான் இருக்கும். காம்பவுண்டு ஓரத்தையும் போர் தண்ணியையும் பற்றிச் சொன்னதற்கு, தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். உப்பு, இரும்பு, கடினத்தன்மை, எல்லாம் அளவுக்குள். ட்ரைக்ளோவை யாரும் தேடச் சொல்லாததால் அந்த ரிப்போர்ட்டில் அது இல்லை. ஷெர்லின் கண்ணாடி பாட்டிலில் காற்றே இல்லாமல் விளிம்பு வரை அந்தத் தண்ணியைப் பிடித்து வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. நாகப்பன் வீட்டிலிருந்து தண்ணி கொண்டுபோகிறான். டீ மட்டும் ஷெட்டில்தான் குடிக்கிறான். கொதிக்க வைத்தால் போய்விடும் என்கிறான். போய்விடும்தான், டீ போடுகிற அறைக்குள் போகும்.

வேறு இடம் ஒன்றுதான் காலி இருந்தது. பேக்கிங். நிரந்தர ராத்திரி ஷிஃப்ட். அலவன்சு கிடையாது, மார்ச் பேச்சும் கிடையாது.

எபினேசர் என்னிடம் வந்தான். “ராத்திரி ஷிஃப்ட் எப்படிடா இருக்கும்?”

“செத்துடுவ.”

“தொட்டியில?”

“அதுலயும்.”

“எதுல லேட்டா?”

ராத்திரி ஷிஃப்ட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். என்ன செய்வது, கேட்டுவிட்டான். “ராத்திரி ஷிஃப்ட்டுல,” என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங்குக்குப் போனான். தொட்டி ஒரு நாளும் காலியாக நிற்கவில்லை. வேறு ஒருவன் வந்துவிட்டான், ஒடிசாக்காரன். ஷெர்லின் அவனுக்காக இந்தியில் எழுதிய ஒரு தாளை நாகப்பனிடம் கொடுத்தனுப்பினாள். நாகப்பன் காலண்டரைக் கழற்றிவிட்டு அங்கே ஒட்டினான். கோதண்டராமன் கிழித்தார். நாகப்பன் மறுபடியும் ஒட்டினான். இப்போது யார் முறை என்று தெரியவில்லை.

அறிக்கை நடுவில் அறுந்தால் முதலிலிருந்து மூன்று ஞாயிறு என்றார் போதகர். அப்படியே தொடங்கினார்கள். முதல் வாரம் ஷெர்லின் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. ஆனால் ஆட்சேபம் என்ற வார்த்தை வந்தவுடன் ஜனங்கள் மொத்தமும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. போதகரும் பார்த்தார்.

மூன்றாவது வாரம் எபினேசர் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான். சட்டையில் அட்டைப் பெட்டித் தூசி. முதல் பாட்டுக்கு எழுந்து நின்றான், இரண்டாவது பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. அறிக்கை வருவதற்குள் என் தோளில் சாய்ந்து, வாய் திறந்து, தூங்கியே விட்டான். நடைபாதைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேராக, முதல் பெஞ்சின் ஓரத்தில் ஷெர்லின்.

“யாருக்காவது ஆட்சேபம் உண்டானால்,” என்று போதகர் அவளையே பார்த்துக்கொண்டு நிறுத்தினார். வழக்கமான ஒரு மூச்சு இல்லை, நாலைந்து மூச்சு. ஜெபமணி மகளின் முந்தானையைப் பிடித்திருந்தார். எபினேசரின் குறட்டை மட்டும் கேட்டது.

எனக்குத் தோள் வலித்தது. தலையை மட்டும் திருப்பி அவளிடம் மெதுவாகக் கேட்டேன், “எழுப்பட்டுமா?”

“வேணாம் அண்ணா,” என்றாள் ஷெர்லின். “அவருக்கு ஆட்சேபம் இருந்தா அவரே எழுந்து சொல்லட்டும்.”